ஓய்வே பேட்டரியைக் கொல்லும்: திருவண்ணாமலைக்கு ஏற்ற ஒரு பராமரிப்புத் தொழில்

திருவண்ணாமலையின் வண்டிகள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடுபவை அல்ல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நோக்கித் திரளும் கூட்டத்துக்காகவும் கார்த்திகை தீபத்துக்காகவும் பேருந்துகளும் வேன்களும் ஆட்டோக்களும், ஒலி ஒளி அமைப்பாளர்களின் ஜெனரேட்டர்களும் ஓரிரு நாட்கள் ஓய்வின்றி உழைக்கின்றன. கூட்டம் கலைந்ததும் அவற்றில் ஒரு பகுதி அடுத்த விசேஷம் வரை கொட்டகையில் நின்றுவிடுகிறது. ஊரைச் சுற்றியுள்ள கீழ்பென்னாத்தூர், செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் டிராக்டருக்கும் நெல் அறுவடை இயந்திரத்துக்கும் இதே நிலைதான். உழவும் அறுப்பும் நடக்கும் வாரங்களில் இரவு பகல் பாராமல் ஓடுபவை, பட்டம் முடிந்தபின் மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கின்றன. மீண்டும் தேவைப்படும் நாளில் சாவியைத் திருப்பினால் செல்ப் எடுப்பதில்லை. பேட்டரி செத்துவிட்டதென்று முடிவுகட்டி, பழையதைக் கடையில் எடைக்குப் போட்டுப் புதியது வாங்குவது இப்பகுதியில் ஆண்டுதோறும் நடக்கும் செலவு. அப்படிக் கழித்துப்போடப்படும் பேட்டரிகளில் கணிசமானவை உழைத்துத் தேய்ந்தவையல்ல, கவனிப்பாரின்றி நின்றே கெட்டவை என்பதுதான் இந்தத் தொழிலைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டிய இடம்.

இதைப் புரிந்துகொள்ளப் பேட்டரியின் உள்ளமைப்பைச் சிறிது பார்க்க வேண்டும். பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய காரீய-அமில மின்கலத்தின் அடிப்படைதான் இன்றைய லாரி, டிராக்டர் பேட்டரிகளிலும் தொடர்கிறது. நேர்முனைத் தகட்டில் காரீய டை ஆக்சைடும், எதிர்முனைத் தகட்டில் பஞ்சு போன்ற துளைகளுடைய காரீயமும் இருக்க, இரண்டுக்கும் இடையில் மின்பகுளியாக நீர்த்த கந்தக அமிலம் நிற்கிறது. மின்சாரம் வெளியேறும்போது இரண்டு தகடுகளிலும் காரீய சல்பேட் உண்டாகி அமிலம் தண்ணீராகிக்கொண்டே வருகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்தச் சல்பேட் மீண்டும் கரைந்து, அமிலம் பழைய அடர்த்திக்குத் திரும்புகிறது. ஒரு செல் ஏறத்தாழ 2 வோல்ட் தருவதால், ஆறு செல்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் பேட்டரி கிடைக்கும். பேருந்துக்கும் லாரிக்கும் அப்படி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட்டாக்குகிறார்கள்.

புதிதாக உண்டான சல்பேட் மிக நுண்ணிய படிகங்களாக இருப்பதால் சார்ஜ் ஏற்றிய உடனே கரைந்துவிடுகிறது. பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் இந்த நுண்படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, இறுகி, தகட்டின் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. சல்பேட் படிவு எனப்படும் இந்த நிலையில் தகட்டின் பெரும்பகுதி இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. சார்ஜர் மாட்டினால் மின்னழுத்தம் சட்டென்று ஏறி நிரம்பியதுபோலக் காட்டும், வண்டியில் மாட்டினால் சட்டென்று இறங்கிவிடும். பயன்படுத்தாமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே மெல்லச் சார்ஜ் இழக்கும் என்பதும், அந்த இழப்பு வெப்பம் கூடக்கூட விரைவுபடும் என்பதும் இங்கே சேர்ந்துகொள்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட தோராயக் கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் திருவண்ணாமலையில், தகரக் கொட்டகையின் கீழ் நிற்கும் டிராக்டரின் பேட்டரிக்கு இது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மீட்டெடுத்தல் என்ற சொல்லுக்குப் பொருளிருப்பது முதன்மையாக இந்தச் சல்பேட் படிவில்தான். பேட்டரியின் கொள்திறனில் இருபதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆன சிறிய மின்னோட்டத்தை, மின்பகுளி 50 டிகிரிக்கு மேல் சூடாகாமல் கவனித்துக்கொண்டு, ஒரு நாளுக்கும் மேலாகத் தொடர்ந்து செலுத்தினால், மிக இறுகிப் போகாத படிவு மெல்லக் கரையத் தொடங்கும். பின்னர் அளந்து சார்ஜை இறக்கி மீண்டும் ஏற்ற, இழந்த கொள்திறனில் ஒரு பகுதி திரும்பும். துடிப்பு மின்னோட்டம் செலுத்தும் கருவிகளும் சந்தையில் உள்ளன. அவற்றின் பலன் எல்லாப் பேட்டரியிலும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால், பொறுமையான மெதுவான சார்ஜுக்கு அவற்றை மாற்றாகக் கருத முடியாது.

தொழிற்சாலை வண்டிகளின் பேட்டரி

இத்தொழிலில் வருமானத்துக்கு உறுதியான அடித்தளமாக அமைவது வீட்டு இன்வெர்ட்டரோ காரோ அல்ல. தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் ஓடும் மின் வண்டிகளே. மாவட்டத்தின் வடகிழக்கில் காலணித் தொழிற்சாலைகள் உள்ளிட்ட நிறுவனங்களைக் கொண்ட செய்யாறு சிப்காட் வளாகமும், ஆரணி, களம்பூர்ப் பகுதிகளின் அரிசி ஆலைகளும் சரக்கு ஏற்றி இறக்கும் இடங்கள். இத்தகைய இடங்களில் ஓடும் மின்சார ஃபோர்க்லிஃப்ட்டின் பேட்டரி காரில் இருப்பது போன்ற ஒற்றைப் பெட்டியல்ல. எஃகுத் தொட்டிக்குள் 2 வோல்ட் செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் அடுத்ததோடு தடித்த இணைப்புப் பட்டையால் கோக்கப்பட்டிருக்கும். 48 வோல்ட் வண்டியென்றால் 24 செல்கள். பெரிய வண்டிகளில் அரை டன்னுக்கும் மேல் வரும் இதன் எடையே, முன்பக்கம் சுமை தூக்கும்போது வண்டி கவிழாமல் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் எதிர்எடையாகவும் பயன்படுகிறது. சார்ஜில் 80 விழுக்காட்டுக்கு மேல் இறக்காமல் பயன்படுத்தினால் நல்ல குழாய்த் தகட்டுப் பேட்டரி 1,200 முதல் 1,500 முறை வரை ஏறி இறங்கும்; நாளொன்றுக்கு ஒரு முறை என்ற கணக்கில் ஏறத்தாழ நான்கைந்து ஆண்டு உழைப்பு.

அத்தகைய பேட்டரி ஒன்று வலுவிழந்ததாகப் பட்டறைக்கு வந்தால், தேர்ந்த பணியாளர் முதலில் செய்வது சார்ஜ் ஏற்றுவதல்ல, பார்ப்பது. இணைப்புப் பட்டைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா, தொட்டியின் அடியில் அமிலம் கசிந்து எஃகை அரித்திருக்கிறதா, எந்தச் செல்லில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்கிறார். முழுச் சார்ஜுக்குப்பின் ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி, ஒவ்வொரு செல்லாக மின்பகுளியை உறிஞ்சி, கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கும் அளவுகோல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைப் பார்க்கிறார். பட்டறைகளில் கிராவிட்டி என்று சொல்லப்படும் இந்த ஒப்படர்த்தி, தயாரிப்பைப் பொறுத்து 1.240 முதல் 1.280 வரை இருக்க வேண்டும். ஒவ்வொரு 10 டிகிரி வெப்ப மாற்றத்துக்கும் 0.007 அளவுக்குத் திருத்திப் படிக்க வேண்டும். 23 செல்கள் 1.260இல் நிற்க, ஒன்று மட்டும் 1.190 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவுகளுக்கு இடையே 0.050க்கு மேல் வேறுபாடு இருந்தால் குறை அந்தச் செல்லிலேயே உள்ளது என்று பொதுவாகக் கொள்ளலாம். அந்த ஒரு செல்லைக் கழற்றி, அதே கொள்திறனும் ஏறத்தாழ அதே வயதும் உடைய நல்ல செல்லை வைத்து இணைத்து, முழுத் தொகுதிக்கும் சமன்படுத்தும் சார்ஜ் ஏற்றினால் பேட்டரி வேலைக்குத் திரும்பிவிடும். மொத்தப் பேட்டரியையும் மாற்றச் சொன்ன இடத்தில் ஒரு செல்லோடு வேலை முடிவதால் ஆலைக்கு மிஞ்சும் பணம் சிறிதல்ல. பட்டறைக்கு அதில் நியாயமான பங்கு கிடைக்கிறது.

ஆனாலும் வேலை அத்தோடு முடிந்ததாகாது. ஐந்து மணி நேரத்தில் இறங்க வேண்டிய மின்னோட்டத்தை இழுத்து, செல் ஒன்றுக்கு 1.70 வோல்ட் வரை இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே பேட்டரியை ஒப்படைக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக நின்றால், அதாவது கொள்திறன் 80 விழுக்காட்டை எட்டாவிட்டால், பொதுவான அளவுகோலின்படி அதன் முதன்மை ஆயுள் முடிந்தது என்று பொருள். இந்தச் சோதனைத் தாளைக் கையில் கொடுக்கும் பட்டறையைத்தான் ஆலைக்காரர்கள் இரண்டாம் முறையும் கூப்பிடுவார்கள். அரை நாளை விழுங்கும் வேலை என்பதால் பலர் இதைத் தவிர்த்துவிடுகின்றனர். தவிர்க்கக் கூடாத வேலை இது.

மீளாதவையும் மாயப்பொடியும்

எல்லாப் பேட்டரியும் மீளாது என்பதை இத்தொழிலில் இறங்குபவர் முதல் நாளே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நேர்முனைத் தகட்டின் சட்டகம் அரித்து நொறுங்கியிருந்தாலும், தகட்டுப் பொருள் உதிர்ந்து அடியில் சேறாகத் தங்கி இரு தகடுகளையும் இணைத்துவிட்டிருந்தாலும், உள்ளிணைப்பு அறுந்திருந்தாலும் எந்தச் சார்ஜரும் எந்தத் திரவமும் அதைத் திருத்தாது. பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டுப் புதிய ஆசிட் ஊற்றித் தருவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்ட தவறு. அப்படிச் செய்தால் ஹைட்ரோமீட்டர் நல்ல அளவைக் காட்டும், சில நாட்கள் வண்டியும் கிளம்பும். தகட்டில் இறுகிய சல்பேட் அப்படியே இருக்க, கூடுதல் அமிலம் சட்டகத்தை விரைந்து அரிக்கத் தொடங்கும். மின்பகுளியிலிருந்து ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டுமே என்பதால், சிந்தியோ கசிந்தோ போயிருந்தாலன்றி, ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே.

உப்பு போட்டால் செத்த பேட்டரி பிழைக்கும் என்ற விளம்பரங்களுக்கு வயது அதிகம். அமெரிக்காவில் ஜெஸ் ரிச்சி என்பவர் ஏடி-எக்ஸ்2 என்ற பெயரில் ஒரு பொடியை விற்றுவந்தார். சோடியம் சல்பேட்டும், எப்சம் உப்பு என்று மருந்துக் கடையில் கிடைக்கும் மெக்னீசியம் சல்பேட்டும்தான் அதன் முக்கியப் பொருள்கள். அந்நாட்டின் தேசிய அளவீட்டு நிறுவனம் பொடி போட்டதும் போடாததுமாகப் பேட்டரிகளை இணையாகச் சோதித்து, இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றது. ஒரு சிறு வணிகரை அரசு நிறுவனம் நசுக்குகிறது என்று அரசியல் கிளம்பி, 1953 மார்ச்சில் வணிகத் துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ், அந்நிறுவனத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். அறிவியலாளர்களின் எதிர்ப்பால் ஆஸ்டின் பதவியில் நீடிக்க, தேசிய அறிவியல் கழகத்தின் குழு சோதனைகள் செம்மையானவை என்றும் பொடிக்குப் பயன் இல்லை என்றும் அறிவித்தது. இந்த விவகாரம் இன்றைக்கும் கற்றுத்தரும் நுட்பம் ஒன்றுண்டு. இத்தகைய பொடிகளைப் போடச் சொல்பவர்கள் கூடவே நீண்ட நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றவும் சொல்வார்கள். பேட்டரி தேறினால் தேற்றியது அந்தச் சார்ஜ், பெயர் பொடிக்குப் போகும். பொடி போடாத இன்னொரு பேட்டரியை அருகில் வைத்து அதே சார்ஜை ஏற்றிப் பார்க்காதவரை உண்மை தெரியாது.

பேட்டரியைத் திறமையாக மீட்டும் அது மூன்றே மாதத்தில் திரும்பி வந்தால், பெரும்பாலும் குற்றம் வண்டியில் இருக்கும். 12 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தண்ணீர் கொதித்ததுபோல வற்றித் தகடு வெளித்தெரியும்; கீழே இறங்கினால் பேட்டரி ஒருநாளும் நிரம்பாமல் சல்பேட் படிந்துகொண்டே போகும். ஆகவே ஓடும் எஞ்சினில் மீட்டரை வைத்துப் பார்க்காத பேட்டரிக்காரரின் வேலை பாதி வேலைதான்.

வருமானம் எங்கிருந்து

செத்ததை எழுப்பி விற்பதைக் காட்டிலும் சாகாமல் காப்பதில்தான் இத்தொழிலின் நிலையான வருமானம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பழைய பேட்டரிகளை வாங்கி மீட்டு விற்பவர், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சரக்கில் முதலீடு செய்கிறார். அந்தச் சரக்குக்குக் காயலான் கடையில் எடைக்கு எடை விலை இருப்பதால் மலிவாகவும் கிடைப்பதில்லை. மாறாக, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு மாதம் ஒருமுறை வந்து தண்ணீர் அளவு பார்த்து, முனைகளைத் துடைத்து வாஸ்லின் தடவி, கிராவிட்டியை அட்டையில் எழுதிவைத்துப் போகும் ஒருவருக்கு, கைமுதல் குறைவு, வரவு சீரானது. அறுவடை முடிந்து நிற்கும் டிராக்டருக்கு எதிர்முனையைக் கழற்றிவைத்து மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ் ஏற்றித் தருவதே ஒரு சேவையாகலாம். ஒரு கிராமத்தில் இருபது டிராக்டர் இருந்தால், சார்ஜரை மினி வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே நாளில் சுற்று முடிக்க முடியும்.

உள்ளாட்சிகளின் வண்டிகளையும் இங்கே நினைக்க வேண்டும். திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. வீடுவீடாகக் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டின் நகரங்களிலும் ஊராட்சிகளிலும் பேட்டரி வண்டிகள் தரப்பட்டுள்ளன. பேட்டரி பழுதாகி வண்டி ஓரம் கட்டப்பட்டதாகப் பல ஊர்களிலிருந்து நாளிதழ்களில் செய்தி வருவதும் புதிதல்ல. அத்தகைய வண்டி நின்றுபோனால் அந்தச் சுமையைப் பணியாளர், பெரும்பாலும் பெண்கள், கையால் தள்ளுகிறார்கள். வண்டி வாங்கும்போதே பேட்டரிப் பராமரிப்புக்கும் உள்ளூர் ஒப்பந்தம் போடப்படுமானால், அதில் கிடைக்கும் வேலைவாய்ப்பைவிட மிச்சமாகும் உடலுழைப்பே பெரிது.

தொடங்குவதற்கான முதல் ஒரு சிறு தொழிலுக்கு எட்டக்கூடியதே. ஹைட்ரோமீட்டர், மல்டிமீட்டர், பாரச் சோதனைக் கருவி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சார்ஜர்கள், அளந்து சார்ஜ் இறக்கும் மின்தடை அமைப்பு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் சாதனம் ஆகியவை அடிப்படை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் 2022இல் திருத்திய விதிகளில், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்ட மதிப்புக்கு, பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. திட்ட மதிப்பு 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. மாவட்டத் தொழில் மையம் இதற்கு அணுக வேண்டிய இடங்களில் ஒன்று.

காரீயம் ஊருக்குள் கசியாமல்

பேட்டரியின் எடையில் பாதிக்கும் மேல் காரீயம். மீளாத பேட்டரியை உடைத்து உருக்கினால் கையோடு காசாகும் என்ற ஆசையே இத்தொழிலின் மிகப் பெரிய அபாயம். செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய்-சுர்-மேரில் பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணைச் சலித்துக் காரீயம் எடுத்த இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர். உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவர், ஏறத்தாழ 80 கோடிப் பேர், கவலைக்குரிய அளவில் இரத்தத்தில் காரீயம் சுமப்பதாக யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. முறைசாரா பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லாத நஞ்சு இது. வேலை செய்பவரின் சட்டையில் ஒட்டிய தூசியாகவே வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

2001ஆம் ஆண்டின் பேட்டரி விதிகளுக்கு மாற்றாக 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், மீட்டெடுப்பவரையும் மறுசுழற்சி செய்பவரையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. மீட்ட பேட்டரியைச் சொந்தப் பெயர் ஒட்டி விற்பவர் அந்த விதிகளின்படி உற்பத்தியாளர் வரிசையிலேயே வந்துவிடுகிறார். விற்ற சரக்கின் முடிவுக்கும் அவர் பொறுப்பேற்க நேரும். பட்டறைக்கு இது சுமைதான். ஆனாலும் பதிவு பெற்ற பட்டறை மட்டுமே தொழிற்சாலை ஒப்பந்தத்துக்குள் நுழைய முடியும் என்ற நிலை வந்துகொண்டிருப்பதால், சட்டத்துக்கு வெளியே நிற்பவருக்குச் சந்தையும் சுருங்கும். தரையில் அமிலம் தங்காத பூச்சு, சிந்தியதை நடுநிலையாக்கச் சமையல் சோடா, கண் கழுவ ஓடும் தண்ணீர், கண்ணாடி, கையுறை ஆகியவை இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வெளிப்படும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும்; எனவே அறைக்குக் காற்றோட்டமும், சார்ஜரை அணைத்த பிறகே இணைப்பைக் கழற்றும் பழக்கமும் கட்டாயம்.

லித்தியம் பேட்டரிகள் வந்துவிட்டதால் இத்தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வி நியாயமானது. புதிய மின் ஆட்டோக்களும் ஃபோர்க்லிஃப்ட்டுகளும் வேகமாக அப்பக்கம் நகர்கின்றன. அவற்றில் ஊற்றத் தண்ணீரும் இல்லை, பார்க்கக் கிராவிட்டியும் இல்லை, தவறாகத் திறந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எனினும் டீசல் டிராக்டரும் லாரியும் ஜெனரேட்டரும் காரீய-அமில பேட்டரியிலேயே கிளம்புகின்றன. அவை ஓரிரு ஆண்டில் மறைந்துவிடப் போவதில்லை. லித்தியத்திலும் செல்களின் சமநிலையை அளப்பது, கொள்திறனைச் சோதிப்பது, கட்டுப்பாட்டுச் சுற்றின் பிழையைச் செல்லின் பிழையிலிருந்து பிரித்தறிவது ஆகிய வேலைகள் இருக்கவே செய்கின்றன, ஆனால் அவற்றுக்கு முறையான பயிற்சி வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பேறு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. காரீயத்திலும் லித்தியத்திலும் அதன் ஆய்வு நடக்கிறது. அந்த அறிவு திருவண்ணாமலை ஐ.டி.ஐ. மாணவரின் கைக்கு ஒரு குறுகியகாலப் பயிற்சியாக வந்து சேர வேண்டும். ஹைட்ரோமீட்டர் பிடிக்கவும், சோதனைத் தாள் எழுதவும், இது மீளாது என்று வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்லவும் அவருக்கு அங்கே கற்றுத்தர வேண்டும்.